கால் ஏக்கர் நீங்கலாக

அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் பார்சிப்பனியில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் சலவை அறையில்தான் அந்த அக்காவை முதலில் பார்த்தேன். துணி உலர்த்தும் மெஷினின் மூடியில் ஒட்டியிருந்த அறிவிப்பை நின்று படித்துக்கொண்டிருந்தார். ஈரத்துணிக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நான் பின்னால் நின்றேன். இரண்டு நிமிடம் ஆயிற்று. அவர் இன்னும் பாதிகூடத் தாண்டவில்லை. ஊருக்குப் புதிது போலிருக்கிறது என்று நினைத்து, "அந்த செவப்பு பட்டன அமுக்கினா போதும்" என்றேன்.

"தெரியுங்க" என்றார், திரும்பாமலே. "முழுசாப் படிச்சுட்டு அமுக்கறனுங்க. எழுதுன மனுசன் கடைசி வரி வரைக்கும் எழுதியிருக்காருல்லங்க?"

படித்து முடித்ததும் என் கூடையைப் பார்த்தார். "மேல கெடக்கறது கம்பளிங்களா? அதப் போட்டா சுருங்கிப் போயிருமாம். கடைசி வரில போட்டிருக்குது."

அது என் மனைவி சுதாவின் ஸ்வெட்டர். அதே மெஷினை நான் எட்டு மாதமாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தேன்.

கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக்காரர். கோயம்புத்தூரில் சிவில் படித்தவர். கணவர் ஒரு மருந்துக் கம்பெனியில் கெமிஸ்ட். எங்களைவிட ஏழெட்டு வயது மூத்தவர் என்பதால் சுதா முதல் நாளிலிருந்தே அக்கா என்றாள், நானும் அப்படியே பழகிக்கொண்டேன். தொண்ணூறுகளின் நடுவில் அந்தக் கட்டடத்தில் இருந்த தமிழர்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டர் வேலை. நான் ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கிக்குக் கான்ட்ராக்டில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். அக்கா மட்டும் ஒரு சின்ன நில அளவை ஆபீசில் வேலை பார்த்தார். காலையில் ஆரஞ்சு நிற மேல்சட்டை, முட்டி வரை பூட்ஸ். மாலையில் அந்த பூட்ஸ் சேறோடு அவர் வீட்டுக் கதவுக்கு வெளியே நிற்கும். ஒரு பொங்கல் விருந்தில் அங்கிள் ஒருவர் அவரிடம் ஆதங்கப்பட்டார். "ஏம்மா, இன்ஜினியரிங் படிச்சுட்டு ரோட்ல ஸ்டாண்டு வெச்சுக்கிட்டு நிக்கணுமா? ஆறு வாரம் கோர்ஸ் பண்ணு. டேட்டாபேஸ் பக்கம் மாறிடலாம்."

"மாறலாமுங்க அங்கிள். ஆனா இங்க படிக்கறதுக்கு நெறைய இருக்குதுங்க" என்றார் அக்கா. அங்கிள் அவர் ஏதோ மேற்படிப்புப் படிப்பதாக நினைத்துக்கொண்டு தலையாட்டினார்.

அவர் படித்தது பத்திரங்கள். ஒரு நிலத்தை அளப்பதற்கு முன் அதன் பழைய கிரயப் பத்திரங்களைப் புரட்டியாக வேண்டும். மற்றவர்கள் மூன்று கைமாற்றம் பின்னால் போய் நிறுத்திக்கொள்வார்களாம். அக்கா, நம் ஊர் மாவட்டம் போன்ற கவுன்டியின் ஆபீஸ் நிலவறையில் மதியச் சாப்பாட்டு டப்பாவோடு உட்கார்ந்து, முதல் பத்திரம் வரை போவார். இருநூறு, முந்நூறு வருடத்துப் பழைய கையெழுத்து. எஸ் எழுத்தை எஃப் மாதிரி எழுதியிருப்பார்கள். அதை எங்களுக்குப் படித்துக்காட்டும்போது அவர் குரல் தானாகவே தணிந்துவிடும்.

எங்கள் மகள் அனுவுக்கு அப்போது மூன்று வயது. டேகேரில் கொடுக்கும் பாலாடைக்கட்டியும் ரொட்டியும் அவளுக்கு இறங்கவில்லை. காலையில் போனால் மாலை வரை பட்டினி. வீட்டுச் சாப்பாடு கொடுத்தனுப்பக் கூடாது என்று டேகேர்க்காரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சுதா தினமும் காரில் அழுதாள். ஒரு மாலை அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தவர், நாங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்த பதினான்கு பக்க ஒப்பந்தத்தின் நகலை வாங்கி, காபி ஆறுவது தெரியாமல் படித்தார். மறுநாள் சுதாவோடு டேகேருக்குப் போய்ப் பதினான்காம் பக்கத்தின் அடிப்பத்தியைப் படித்துக்காட்டினார். மத, கலாச்சாரக் காரணங்களுக்காகப் பெற்றோர் உணவு அனுப்பலாம் என்று அதில் இருந்தது. டேகேர்க்காரம்மா அந்தத் தாளை வாங்கித் திரும்பத் திரும்பப் பார்த்தாராம். அவருடைய ஒப்பந்தம்தான், அவரும் அந்தப் பக்கம் வரை போனதில்லை. அடுத்த நாளிலிருந்து அனு பருப்பு சாதம் கொண்டுபோனாள்.

இப்படிப்பட்ட ஒருவர் மேல்தான் ஒரு வசந்த காலத்தில் எனக்கு அடக்க முடியாத கோபம் வந்தது.

சுதா இரண்டாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். ராரிட்டன் ஆற்றுப் பக்கம் ஒரு பழைய சோளப் பண்ணையை வாங்கி, வீடுகளாகப் பிரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தோம். சமதளமான நிலம். கையில் எடுத்தால் உதிரும் செம்பழுப்பு மண். ஓரத்து மனையில் நான்கைந்து பெரிய ஓக் மரங்கள் ஒரு திட்டாக நின்றன. சுதா அந்த மரங்களைப் பார்த்த பார்வையிலேயே முடிவாகிவிட்டது. அந்த மனைக்கு முன்பணம் கட்டினோம். நான் மரங்களைப் படம் எடுத்து, வீடு வரப்போகும் இடத்தில் பேனாவால் அம்புக்குறி போட்டு, அம்பத்தூரில் இருக்கும் அப்பாவுக்கு அனுப்பினேன்.

ஆறு வாரம் கழித்து விற்பனை ஆபீசிலிருந்து போன். எங்கள் மனையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நில அளவையில் ஏதோ பிரச்சினை. அளந்த ஆபீஸ் எது என்று கேட்டேன். அக்காவின் ஆபீஸ்.

நேராக அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும், வாங்க என்று அவர் சொல்வதற்குள் ஆரம்பித்துவிட்டேன். "என்ன அக்கா இது? இத்தன பண்ணைல எங்க வீடுதான் கெடச்சுதா உங்களுக்கு? சுதாவப் பத்தி யோசிச்சீங்களா? பிள்ள பொறக்கறதுக்குள்ள போயிடலாம்னு இருக்கா."

அவர் முகம் மாறியது. எங்கள் மனைதான் என்பது அவருக்கு அப்போதுதான் தெரியும். அவர் தாள்களில் எண்கள்தான் இருந்தன, பெயர்கள் இல்லை. பிறகு, "உக்காருங்க தம்பி. ஒரு அரை மணி நேரம் குடுங்க. பொறகு திட்டுங்க" என்றார்.

சோபாவையும் டீப்பாயையும் சுவரோரம் தள்ளினார். உள்ளேயிருந்து ஒரு கட்டு போட்டோகாப்பி எடுத்துவந்து, தரை விரிப்பின் மேல் ஒவ்வொன்றாக வரிசையாகப் பரப்பினார். சமையலறை வாசலில் தொடங்கிய வரிசை பால்கனிக் கதவு வரை வந்தது. நம் ஊர்ப் பத்திரத்தில் செக்குபந்தி என்று நிலத்தின் நான்கு எல்லைகளையும் எழுதுவோமே, அதுபோல் இவற்றிலும் உண்டு. அதை மட்டும் படிக்கப்போவதாகச் சொல்லிவிட்டு, மண்டியிட்டு முதல் தாளுக்குக் குனிந்தார்.

முதல் தாளில் எழுத்துக்கு அடியில் கையெழுத்துகள் இல்லை, படங்கள் இருந்தன. ஒருவர் ஆமை வரைந்திருந்தார். ஒருவர் ஏதோ விலங்கின் காலடி. ஆற்றங்கரையில் அதுவரை இருந்த செவ்விந்தியர்கள், போர்வைகளுக்கும் கெண்டிகளுக்கும் கோடரிகளுக்கும் நிலத்தைக் கொடுத்த பத்திரம். "கடைசி வரியப் பாருங்க. ஆத்துல மீன் புடிக்கற உரிம எங்களுக்கேன்னு எழுதி வாங்கியிருக்காங்க" என்றார் அக்கா. "ரெண்டு தலைமொறைல அவங்க யாருமே இங்க இல்லீங்க."

அடுத்த தாள். நல்ல மண் தேடி லாங் ஐலண்டிலிருந்து வந்த ஒரு டச்சுக் குடும்பம். முந்நூறு ஏக்கர். "கெழக்கே ஆறு. வடக்கே காடு. மேக்கே காடு. தெக்கே காடு" என்று படித்தார். வெள்ளை ஓக் மரத்திலிருந்து ஓடைக்கரைக் கல் வரை இத்தனை அளவுச் சங்கிலி, அதில் இத்தனை கண்ணி. "நான் காலேஜ்ல அளந்த அதே சங்கிலிங்க தம்பி. அறுபத்தாறு அடி."

மண்டியிட்டபடியே நகர்ந்தார். "கெழக்கே ஆறு. வடக்கே காடு. மேக்கே காடு. தெக்கே மச்சினன் நெலம்." நகர்ந்தார். "வடக்கே காடு. மேக்கே புதுசா வெட்டுன பாதை." நகர்ந்தார். "வடக்கே இன்னொருத்தர் நெலம். மேக்கே மாவு மில்லுக்குப் போற ரோடு." அதற்கடுத்ததில் அதே ரோடு, சர்ச்சுக்குப் போகும் ரோடாக மாறியிருந்தது. அதற்கும் அடுத்ததில் தெற்கு எல்லையில் பள்ளிக்கூடத்துக்காக விட்ட மனை. ஒரு தாளில் படகுத்துறை வந்தது. ஒரு தாளில் கொல்லன் பட்டறை. காடு என்ற சொல் ஒவ்வொரு தாளாகக் குறைந்து, ஓரிடத்தில் இல்லாமலே போய்விட்டது.

நான் கோபத்தோடு வந்தவன் என்பதே மறந்துவிட்டது. சோபா நுனியில் உட்கார்ந்திருந்த எனக்கு முன்னால், ஒரு பெண் தரையில் தவழ்ந்துபோக, அவருக்குப் பின்னால் ஓர் ஊர் எழும்பிக்கொண்டே வந்தது. நான் தினமும் காரில் கடந்துபோகும் ஊர். மில் ரோடு என்றும் சர்ச் லேன் என்றும் பச்சைப் பலகையில் பார்த்திருக்கிறேன். பெயர்தானே என்று நினைத்திருக்கிறேன்.

பால்கனிக் கதவை எட்டியதும் அக்கா எழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டார். "இப்ப ஒண்ணு சொல்லுங்க. புருசன், பொண்டாட்டி, மூணு பசங்க. அஞ்சு பேர் குடும்பம். முந்நூறு ஏக்கர் காடு. ஒரே தலைமொறைல பாதிக்கு மேல கோதும வயலாயிருக்குது. எப்பிடிங்க?"

அவர் தனியாக வைத்திருந்த இரண்டு தாள்களை எடுத்தார். ஒன்று, அந்த டச்சுக்காரரின் பேரன் இறந்தபோது எடுத்த சொத்துப் பட்டியல். இரண்டு கலப்பை, ஒரு ஜோடி எருது, பழுப்புக் குதிரை, செம்மறி ஆடுகள். அதே கையெழுத்தில், அதே வரிசையில், இடைவெளி விடாமல் மனிதர்களின் பெயர்கள். சீசர். டினா. யாப். கிழவி பெட். நான் அந்தத் தாளைக் கையில் வாங்கவில்லை.

இன்னொன்று, பேரனின் மகன் நிலத்தை விற்ற பத்திரம். அதன் கடைசி வரியை அக்கா முதலில் ஆங்கிலத்தில் படித்தார். பிறகு தமிழில் சொன்னார். "கறுப்பு ஆளுங்களப் பொதைக்கற எடம், மேற்படி நெலத்துல தென்மேற்கு மூலைல கால் ஏக்கர் நீங்கலாக. நம்மூர்ப் பத்திரத்துல எழுதற அதே நீங்கலாகதானுங்க தம்பி."

"இப்ப இருக்கற பத்திரத்துல இது இல்லையா?"

"அடுத்ததுல எழுதுனவன், முன் பத்திரத்துல கண்டபடின்னு சுருக்கிட்டான். அதுக்கு அடுத்தவன் அந்த வார்த்தையவும் விட்டுட்டான். நூத்தம்பது வருசமா யாரும் திரும்பிப் பாக்கல."

பண்ணையை வாங்கி வீடு கட்டும் கட்டடக்காரரின் வக்கீல் நேற்றுதான் அக்காவின் ஆபீசுக்குப் போன் செய்திருந்தாராம். இப்போதைய பத்திரத்தில் இல்லாததை வரைபடத்தில் போட வேண்டாம் என்று. அந்தக் கட்டடக்காரர்தான் அந்த ஆபீசின் பெரிய வாடிக்கையாளர். அக்காவின் கிரீன் கார்டு விண்ணப்பம் அந்த ஆபீஸ் மூலமாகப் பாதி வழியில் இருந்தது. வேலை போனால் அது முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதுவும் வேறு ஆபீஸ் கிடைத்தால்.

"இதெல்லாம் உங்களுக்குத் தேவையா அக்கா?" என்றேன். இப்போது என் குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது. அவருக்காக.

"எனக்கும் பயமாத்தானுங்க இருக்குது. ராத்திரி தூக்கமில்ல. ஆனா படிச்சுட்டனுங்களே. இனி படிக்காதவளாட்ட எப்பிடிங்க வரையறது?"

அந்தச் சனிக்கிழமை நானும் அவரும் பண்ணைக்குப் போனோம். அவருடைய முதலாளியும் தன் டிரக்கில் வந்திருந்தார். எழுபதை நெருங்கிய, அதிகம் பேசாத அமெரிக்கர். போன வருடத்துச் சோளத் தட்டைகளை மிதித்துக்கொண்டு ஓக் மரத் திட்டுக்கு நடந்தோம். அக்கா மண்ணை ஒரு கை அள்ளி எங்களிடம் காட்டி ஆங்கிலத்தில் கேட்டார்: "இப்படிப்பட்ட மண்ணில் எந்த விவசாயியாவது கால் ஏக்கரைச் சும்மா விடுவானா? முந்நூறு வருடமாக உழுகிறார்கள். ஒருவர்கூட இந்த மரங்களுக்குள் ஏர் ஓட்டவில்லை. பத்திரத்தில் மறந்துவிட்டார்கள். ஏர் பிடித்தவர்கள் மறக்கவில்லை."

மரங்களுக்கு அடியில் ஒரு கொடி தரையை மூடிப் படர்ந்திருந்தது. ஊதா நிறத்தில் ஐந்து இதழ்ப் பூக்கள். எனக்கு எங்கேயோ பார்த்த பூ மாதிரி இருந்தது. "சுடுகாட்டு மல்லி சாதிங்க" என்றார் அக்கா என்னிடம் தமிழில். "எங்கூர்ல சமாதி மேல வெப்பாங்க. இங்கயும் பழைய கல்லறைனா இதத்தான் நடுவாங்களாம்." கொடியை விலக்கினார். முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு வயல்கல், செங்குத்தாக. எழுத்து எதுவும் இல்லை. இரண்டடி தள்ளி இன்னொன்று. முதலாளியும் குனிந்து விலக்க ஆரம்பித்தார். நானும் விலக்கினேன். எல்லாம் ஒரே திசை பார்த்து, ஒழுங்கான வரிசைகளில் நின்றன. பத்தொன்பது கற்கள். நாலைந்து கற்களுக்கு இடையே இருந்த இடைவெளி மிகக் குறைவு. அவை குழந்தைகளுடையவை என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சுதா சாப்பாட்டு மேசை போட நினைத்திருந்தது ஏறக்குறைய அந்த இடத்தில்தான்.

முதலாளி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "நாற்பது வருடமாக இந்தக் கவுன்டியை அளக்கிறேன். இந்த மரங்களை ரோட்டிலிருந்து எத்தனை தடவை பார்த்திருப்பேன்" என்றார். டிரக்குக்குப் போய், அக்கா வரைந்திருந்த படத்தை பானட்டின் மேல் விரித்தார். கால் ஏக்கர் அதில் தனியாகக் கோடு போட்டுக் காட்டப்பட்டிருந்தது. கையெழுத்துப் போட்டு, பெட்டியிலிருந்து தன் முத்திரையை எடுத்து அழுத்தினார்.

ஊராட்சி போன்ற டவுன்ஷிப்பின் கூட்டத்தில் வக்கீல் ஒரு மணி நேரம் வாதாடினார். முடிவில் கால் ஏக்கரும் அதற்குப் போக ஒரு பாதையும் பண்ணையிலிருந்து விலக்கப்பட்டன. கட்டடக்காரர் தன் வேலைகளை வேறு ஆபீசுக்குக் கொண்டுபோய்விட்டார். முதலாளி முடிந்த வரை இழுத்துப் பிடித்தார். குளிர்காலத்தில் அக்காவை வேலையிலிருந்து அனுப்ப வேண்டி வந்தது. கண் கலங்கிப் போய்த்தான் சொன்னாராம். கிரீன் கார்டு நின்றுபோனது. கணவரின் விசாவில் நாட்களை ஓட்டி, பிறகு கலிபோர்னியாவில் சான் ரமோன் பக்கம் ஒரு ஆபீஸ் கிடைத்து, அடுத்த ஜூன் மாதம் குடும்பத்தோடு போய்விட்டார். அங்கே எல்லாம் முதலிலிருந்து தொடங்கியது. ஆறு வருடம் கூடுதலாயிற்று. இதைப் பற்றி அவர் ஒருமுறைகூடக் குறைபட்டு நான் கேட்டதில்லை.

எங்களுக்குப் பக்கத்து மனையைத் தருவதாகச் சொன்னார்கள். அம்பத்தூரிலிருந்து அம்மா போனில் கத்தினாள். "சுடுகாட்டுக்குப் பக்கத்துலயா? பிள்ளத்தாச்சிய வெச்சுக்கிட்டா?" நான் தயங்கினேன். சுதா தயங்கவில்லை. "சத்தம் போடாத பக்கத்து வீடு. இதவிட நல்ல மனுஷங்க கெடைப்பாங்களா?" என்றாள். எங்கள் மகன் அந்த வீட்டுக்குத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தான்.

அக்கா கலிபோர்னியா புறப்படுவதற்கு முந்தைய மாதம், மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பத்து மைல் தள்ளியிருந்த ஒரு கறுப்பர்களின் சர்ச்சிலிருந்து சிலர் வந்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகையில் வந்த சின்னச் செய்தியைப் படித்துவிட்டு, அக்காவையும் வரச் சொல்லியிருந்தார்கள். எண்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள், பூ வைத்த வெள்ளைத் தொப்பியோடு, இரண்டு பேர் தாங்கிப் பிடிக்கப் பாதையில் நடந்துவந்தார். "ஆற்றோரப் பண்ணை ஒன்றில் நம் ஆட்கள் கிடக்கிறார்கள் என்று எங்கள் வீட்டில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். எந்தப் பண்ணை என்று மட்டும் யாருக்கும் தெரியாது" என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, "பெயர்கள் இருக்கின்றனவாமே" என்றார்.

அக்கா அந்தப் பட்டியலையும், அதற்குப் பின் வந்த இன்னும் இரண்டு பட்டியல்களையும் கொண்டுவந்திருந்தார். கலப்பைகளையும் மாடுகளையும் விட்டுவிட்டு, பெயர்களை மட்டும் ஒரு தாளில் எழுதியிருந்தார். கொங்கு வாடை மாறாத தன் ஆங்கிலத்தில், ஓக் மரத்தடியில் நின்று படித்தார். "சீசர்." அந்த அம்மாள், "சீசர்" என்றார். "டினா." "டினா." ஒவ்வொரு பெயரையும் வாங்கி வாயில் வைத்துப் பார்ப்பதுபோல் நிதானமாகத் திருப்பிச் சொன்னார். தாளின் அடியில், "பெயர் வைக்காத பெண் குழந்தை ஒன்று" என்று இருந்தது. அதையும் அக்கா படித்தார். அம்மாள் அதை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பிறகு வெகு நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பக்கத்தில் சுதா கைக்குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

கண்ணைத் திறந்ததும் அக்காவின் கையைப் பிடித்து, "உன் பெயர் என்ன, மகளே?" என்று கேட்டார்.

அக்கா சொன்னார். அங்கே யாராலும் ஒரு தடவையில் பிடிக்க முடியாத பெயர். அலுவலகத்தில்கூட அதைப் பாதியாக வெட்டித்தான் கூப்பிட்டார்கள். அந்த அம்மாள் இன்னொரு முறை சொல்லச் சொல்லி, உதடுகளைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பிறகு அந்தக் கற்களின் பக்கம் திரும்பி, அந்தப் பெயரையும் முழுவதுமாக, ஓர் எழுத்தும் விடாமல் உரக்கச் சொன்னார்.